ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் பிரேக்கைப் பாருங்கள்

லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. ஒரு காலத்தில் ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயம் நடந்ததால் வந்த பெயர் அது. 1933ல் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று வார இறுதிகளில் அந்த வட்டாரத்தில் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கூட நடந்து போகிறவரைவிட மெதுவாகத்தான் ஊர்கிறது. நிறுத்த இடம் கிடைத்தால் அதுவே பெரிய வெற்றி.

இருந்தாலும் ஆசை குறைவதில்லை. புதிய காரின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பலர் தேடுகிறார்கள். உங்கள் அண்ணனோ மாமாவோ தொலைபேசியில் அத்தகைய விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 18 வயதாகாத உங்களுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். இயற்பியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் பாடம் வீட்டுக்கு உதவும் தருணம் இது.

விளம்பரங்கள் எதைப் பெரிதாகச் சொல்கின்றன? எத்தனை குதிரைத்திறன், 0விலிருந்து 100 கி.மீ. வேகத்தை எத்தனை வினாடியில் எட்டும், இதுவரை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது. இம்மூன்றும் சிங்கப்பூரில் கார் வாங்குபவருக்கு அதிகம் உதவாத தகவல்கள் என்பது என் கருத்து. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதல் கேள்வி: இந்தக் கார் எப்படி நிற்கும்?

2012 மே 12 அதிகாலையில் ரோச்சோர் சாலையும் விக்டோரியா தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு ஃபெராரி, சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து டாக்சி ஒன்றின்மீது மோதியது. தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய இடம் அது. ஃபெராரி ஓட்டியவர், டாக்சி ஓட்டுநர், டாக்சியில் இருந்த பயணி என மூவர் இறந்தனர். கார் மணிக்குச் சுமார் 178 கி.மீ. வேகத்தில் வந்ததாக விசாரணையில் தெரியவந்தது. அது ஃபெராரி 599 ஜிடிஓ வகைக் கார். அதன் உச்ச வேகம் மணிக்கு 335 கி.மீ.

இப்போது கணக்குப் போடுவோம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. சிங்கப்பூரின் சாதாரணச் சாலைகளில் பொது வேக வரம்பு 50 கி.மீ. 178ஐ 50ஆல் வகுத்து, விடையை அதே எண்ணால் பெருக்கினால் 12.7 வரும். வேகம் மூன்றரை மடங்குதான். ஆனால் மோதலில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 13 மடங்கு.

இதை உயரமாக மாற்றினால் இன்னும் தெளிவாகப் புரியும். 50 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வீவக கட்டடத்தில் மூன்று, நான்கு மாடி. 178 கி.மீ. வேகம் 125 மீட்டர் உயரத்துக்குச் சமம். 40 மாடிக்கும் மேல்! கார் புதியதா பழையதா என்று இயற்பியல் கேட்பதில்லை.

அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றித்தான் பிரேக் காரை நிறுத்துகிறது. 1,600 கிலோ எடையுள்ள கார் 180 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் 20 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கிறது. நான்கு இரும்பு வட்டுகளும் சேர்ந்து 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே நிறுத்தத்தில் அவற்றின் வெப்பநிலை சுமார் 110 டிகிரி உயரும். வட்டு ஆறுவதற்குள் மீண்டும் மீண்டும் மிதித்தால் சூடு ஏறிக்கொண்டே போகும்.

பழைய காரின் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 எனப்படும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. கொதித்தால் நீராவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, வாயுவைச் சுருக்கலாம். எனவே மிதி தரைவரை போகும், கார் நிற்காது. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்த நம் ஊரில், கடைசியாக எப்போது பிரேக் எண்ணெய் மாற்றினீர்கள் என்று கேட்பது குதிரைத்திறனைக் கேட்பதைவிட முக்கியம்.

இரண்டாம் கேள்வி: இந்த ரப்பருக்கு என்ன வயது?

"குறைந்த தூரமே ஓடியது" என்பதை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஸ்போர்ட்ஸ் கார்கள் பல வாரம் அசையாமல் கார் நிறுத்துமிடத்தில் கிடப்பது உண்டு. ஓடாத டயரின் பள்ளங்கள் தேயாமல் புதிதுபோல் இருக்கும். ஆனால் வெப்பமும் ஆக்சிஜனும் ரப்பரை மெல்ல இறுக வைத்துவிடும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையில் பிடிப்பை இழக்கும். எஞ்சினில் உள்ள ரப்பர்க் குழாய்களுக்கும் இதே கதிதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். இதைப் படிக்கத் தெரிந்த மாணவர், காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாலே விற்பவர் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாம் கேள்வி: இந்தக் காருக்கு இன்னும் எத்தனை நாள்?

சிங்கப்பூரில் 1990லிருந்து கார் வைத்திருக்க வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, தேவை. அதன் ஆயுள் 10 ஆண்டு. பிறகு காரைப் பதிவு நீக்க வேண்டும், அல்லது பணம் கட்டி 5 அல்லது 10 ஆண்டு நீட்டிக்க வேண்டும். 5 ஆண்டு நீட்டித்த காருக்கு மறுபடியும் நீட்டிப்பு கிடையாது. 10 வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரி 10 விழுக்காடு கூடுதல். அது ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காடுவரை போகும். பரிசோதனையும் ஆண்டுதோறும் உண்டு.

ஆகவே விலையைப் பார்க்காதீர்கள். ஆண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். நீட்டிக்கப்பட்ட சிஓஇயில் 4 ஆண்டு மீதமுள்ள ஒரு காரை 120,000 வெள்ளிக்கு வாங்கி, முடிவில் எதுவும் திரும்பக் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30,000 வெள்ளி. கார் நின்றாலும் ஓடினாலும் நாளுக்கு 82 வெள்ளி. பெட்ரோலும் காப்புறுதியும் பழுதுச் செலவும் தனி.

"ஆசைக்குக் கணக்கா?" என்று அண்ணன் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதில் உண்மையான இன்பம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இன்பம் திருப்பத்தில் கார் சொன்னபடி கேட்பதில் இருக்கிறது. அதற்கு எடை குறைவாக இருப்பதே பெரிய வரம். சுமார் 1,000 கிலோ எடையுள்ள மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சிறிய கார், பிரேக்குக்கும் டயருக்கும் குறைந்த சுமையே தருகிறது. நம் விரைவுச்சாலைகளின் உச்ச வரம்பு 90 கி.மீ. அதில் 300 கி.மீ. வேகத்துக்கு ஏது இடம்?

வேகம்தான் வேண்டும் என்றால் அதற்கென்று தடங்கள் இருக்கின்றன. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையிலேயே கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. உயிர்கள் போயின, பந்தயம் நிறுத்தப்பட்டது. 2008ல் அது மரினா பேயில் திரும்பி வந்தபோது, தடுப்புகள் கட்டி மூடிய சாலைகளில்தான் கார்கள் ஓடின. மலேசியாவின் செப்பாங்கிலும் பந்தயத் தடம் இருக்கிறது.

பயன்படுத்திய கார் விளம்பரங்களில் டயர் தயாரான வாரம், பிரேக் எண்ணெய் மாற்றிய தேதி, சிஓஇ முடியும் நாள் ஆகிய மூன்றையும் கட்டாயம் போட வேண்டும் என்பது என் யோசனை. விற்பவருக்கு இதில் ஒரு காசு செலவில்லை. அதுவரை இம்மூன்றையும் நாமே கேட்போம். பதில் வராவிட்டால், அல்லது சுற்றிவளைத்து வந்தால், எவ்வளவு பளபளப்பான காராக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம். கார்கள் இன்னும் எத்தனையோ விற்பனைக்கு வரும்.