வெறுந்தரை என்று யார் சொன்னது?

மாணவ நண்பர்களே, பங்குனி, சித்திரை மாதங்களில் உங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் செம்மண் மேட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? புல் கருகிப் போயிருக்கும். ஆடு கடித்த முட்புதர்களும் சரளைக் கற்களுமே கண்ணில் படும். "இங்கே என்ன இருக்கிறது?" என்று திரும்பி விடுவோம். சற்று நின்று பார்த்தால், சில மேடுகளில் ஒரு வேடிக்கையைக் காணலாம். ஓர் இலைகூட இல்லாமல், தரையிலிருந்து வெறும் தண்டு ஒன்று முழங்கால் உயரத்துக்கு நேராகக் கிளம்பி நிற்கும். அதன் மேற்பகுதியில் ஆறு இதழ்கள் கொண்ட மங்கிய வெண்ணிறப் பூக்கள் தலை கவிழ்ந்து தொங்கும். இதுதான் நரிவெங்காயம். காட்டு வெங்காயம் என்றும் சொல்வார்கள். தாவரவியலில் இதன் பெயர் டிரிமியா இண்டிகா. பழைய நூல்களில் அர்ஜினியா இண்டிகா என்று இருக்கும்.

பூத்துக் காய்த்தபின், மழை பெய்ததும் இலைகள் வரும். நீண்ட பட்டையான இலைகள் வெயிலில் உணவு தயாரித்துக் கீழே அனுப்பும். பிறகு அவையும் காய்ந்து போகும். அப்போது தரைக்கு மேல் செடி இருந்ததற்கு அடையாளமே இராது. ஆனால் செடி சாகவில்லை. மண்ணுக்குள் குமிழமாக உயிரோடு இருக்கிறது. குமிழம் என்பது என்ன? வீட்டில் ஒரு வெங்காயத்தை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். அடியில் தட்டுப் போல் இருப்பது தண்டு. அதன்மேல் அடுக்கடுக்காக இருப்பவை உணவைச் சேமித்த இலையடிகள். நரிவெங்காயத்தின் அமைப்பும் இதுவே. ஆனால் அதை வாயில் வைத்துவிடாதீர்கள்! இதயத் துடிப்பையே மாற்றக்கூடிய நச்சுப் பொருள்கள் அதில் இருக்கின்றன. மத்தியதரைக் கடல் பகுதியில் வளரும் இதன் உறவுச் செடி ஒன்றிலிருந்து எலி மருந்தே தயாரித்தார்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே தின்ற நஞ்சை வெளியேற்ற அதற்கு வழியில்லை.

நான் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன். எனவே என்னைக் கவர்ந்தது நஞ்சு அன்று, ஆழம்தான். சித்திரை வெயிலில் கொதிக்கும் மண்ணில் இந்தக் குமிழம் வெந்து போகாமல் இருப்பது எப்படி?

ஒரு கணக்குப் போடுவோம். மண்ணின் மேற்பரப்பு விடியற்காலையில் 26 டிகிரி, நண்பகலில் 56 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 30 டிகிரி. காய்ந்த மணற்பாங்கான மண் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். ஏறத்தாழ 8 செ.மீ. இறங்கும்போது, இந்த வேறுபாடு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான அளவாகக் குறைந்துவிடும். அதாவது 8 செ.மீ. ஆழத்தில் 11 டிகிரி, 16 செ.மீ. ஆழத்தில் 4 டிகிரி, 24 செ.மீ. ஆழத்தில் ஒன்றரை டிகிரிதான்! இன்னொன்றும் நடக்கிறது. வெப்பம் கீழே போய்ச் சேர நேரம் பிடிக்கும் அல்லவா? நண்பகலின் சூடு 24 செ.மீ. ஆழத்தை அடையும்போது ஏறக்குறைய நள்ளிரவு ஆகிவிடும். மேலே மண் குளிர்ந்து கிடக்க, கீழே அப்போதுதான் 'உச்சி வெயில்'. வெப்பமானி ஒன்று கிடைத்தால், பள்ளித் தோட்டத்தில் ஒரு குழி தோண்டி நீங்களே அளந்து பாருங்கள்.

விதையோ மேல்மண்ணில்தான் முளைக்கிறது. பிறகு ஆழத்துக்குப் போவது எப்படி? குமிழத் தாவரங்கள் பலவற்றில் சில வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுருங்கிக் குட்டையாகின்றன. கயிற்றை இழுப்பது போல் குமிழம் சிறிது சிறிதாகக் கீழே இழுக்கப்படுகிறது. ஆண்டுக்குச் சிறிதளவே. ஆகவே ஆழத்தில் கிடக்கும் பெரிய குமிழம் ஒன்று பல ஆண்டு உழைப்பின் பலன்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். இத்தகைய மேட்டுக்குத்தான் 'தரிசு' என்று பெயர் வைத்திருக்கிறோம். மைய அரசு 2000-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் தரிசு நில வரைபட நூலில் புதர்க்காட்டு நிலங்களுக்கும் இடம் உண்டு. மரம் நடும் விழா என்றால் எல்லோர் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது. ஓர் இயந்திரம் வந்து வரிசையாகக் குழி தோண்டும். ஒரு மணி நேரத்தில் நூறு குழி! தோண்டிப் போட்ட மண்ணோடு குமிழங்களும் வெயிலில் காயும். அவை என்னவென்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தப்பிய குமிழங்களுக்கும் பின்னாளில் தொல்லைதான். வெட்டவெளியில் வாழப் பழகிய செடி, மரங்கள் நெருங்கி வளர்ந்தால் நிழலில் எவ்வளவு உணவு சேர்க்க முடியும்?

மரம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். சாலையோரம் இருக்கிறது, பள்ளி வளாகம் இருக்கிறது, வீட்டு வாசல் இருக்கிறது. அங்கெல்லாம் தாராளமாக நடலாம். "யாருக்கும் பயன்படாத ஒரு செடிக்காக இத்தனை பேச்சா?" என்று ஓர் ஆசிரிய நண்பர் கேட்டார். இருமல் மருந்துகளில் இந்தக் குமிழம் பயன்பட்டதைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. பயன் இல்லாவிட்டால் அழிக்கலாம் என்று ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். என் மறுப்பு எளியது: ஓர் இடத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குமுன், அங்கு ஏதேனும் இருந்தால் அது கண்ணில் படக்கூடிய காலத்தில் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா? பகலில் வானத்தைப் பார்த்து, விண்மீன்களே இல்லை என்று எழுதி வைப்போமா?

உங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றம் ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்தால், முதலில் ஓர் ஆண்டு கேளுங்கள். கோடையில் ஒரு முறை போய், பூந்தண்டு தெரியும் இடங்களில் சிறு குச்சி நட்டு, எண் எழுதி, குறிப்பேட்டில் படம் வரையுங்கள். எதையும் தோண்டாதீர்கள். மழைக்குப் பின் இரண்டாம் முறை போங்கள். பூவைக் கண்ட இடத்தில் இலை இருக்கும். பூவே காணாத இடங்களிலும் இலை இருக்கும். எல்லாக் குமிழமும் ஒவ்வோர் ஆண்டும் பூக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு கணக்கையும் சேர்த்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். குழி எங்கே தோண்டுவது என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.