மழைக்கால இலங்கை யாத்திரை: டிரைவர் சொன்ன ஒரு வார்த்தை



ஆண்டு இறுதி விடுமுறையில் இலங்கைக்குக் கோயில் யாத்திரை போகலாம் என்ற பேச்சு மறுபடியும் தொடங்கிவிட்டது. அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கும்போதும் இதே பேச்சுதான். நவம்பரில் டிக்கெட் மலிவு, ரூம் மலிவு. ஐந்தே நாளில் கதிர்காமம், நுவரெலியா சீதையம்மன், றம்பொடை ஆஞ்சநேயர், திருக்கோணேஸ்வரம் எல்லாம் பார்த்துடலாமாம். மழையைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்: "முருகன் பாத்துக்குவான்."

தொண்டர்களான எங்கள் கருத்தை நேராகவே சொல்கிறோம். இந்தத் திட்டம் வேண்டாம். இலங்கை வேண்டாம்னு சொல்லல. அந்த மாதமும் அந்த அவசரமும்தான் வேண்டாம்.

மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கு. இலங்கைக்கு ரெண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை கொழும்பு, இரத்தினபுரி, மலைநாட்டின் மேற்குப் பக்கம் நனையும். திருகோணமலையில் வெயில் அடிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் மழை. இடையில் வரும் அக்டோபர், நவம்பரில் தீவு முழுக்கப் பெய்யும். வங்காள விரிகுடாவில் புயல் உருவாகும் காலமும் அதுதான். மற்ற மாதங்களில் ஒரு பக்கம் மழை என்றால் மறுபக்கம் போகலாம். நவம்பரில் ஒதுங்க இடமில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சேதமானது. அதற்கு முன் 2014 அக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயன் வீடுகள் புதைந்தன. அங்கே இருந்தவர்கள் யார்? நம் தாத்தா பாட்டி போலக் கப்பலேறித் தோட்டத்துக்கு வந்த தமிழர்களின் வாரிசுகள்.

பினாங்குக்காரர்களுக்கு இது புதுசில்லை. 2017 அக்டோபரில் தஞ்சோங் புங்கா மண்சரிவில் 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். ரெண்டு வாரம் கழித்து, நவம்பர் 4, 5 தேதிகளில் பெருவெள்ளம். பினாங்கு மலையிலும் மண் சரிந்தது. அன்றைக்கு யாராவது கூப்பிட்டிருந்தால் தண்ணீர்மலை படியேறியிருப்போமா?

எங்கள் தவறையும் சொல்லணும். சில வருஷத்துக்கு முன் நாங்களும் மழையில் அந்த மலைப்பாதையில் வேனில் போனோம். "ஐயா, இன்னைக்கு மேல போக வேணாம்" என்றார் டிரைவர் தம்பி. "ஹோட்டலுக்குக் காசு கட்டியாச்சு தம்பி, ஓட்டுங்க" என்றோம். ஒரு வளைவில் கல்லும் மண்ணும் விழுந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது. பாட்டிமார், குழந்தைகளோடு நாலு மணி நேரம் இருட்டில் நின்றோம். கவசம் பாடிக்கொண்டே இருந்தோம். ஊர் திரும்பியதும் முருகன் காப்பாற்றிய கதையாக அதைச் சொன்னோம். காப்பாற்றினான், சந்தேகமில்லை. ஆனா அதற்கு முன்னாடியே அந்தத் தம்பி வாயால் "வேணாம்" என்று சொன்னதும் அவன்தானே? அதை மட்டும் நாம் காதில் வாங்கல.

மழைக்காலத்தில் சன்னியாசிகளே ஊர் ஊராகப் போவதில்லை. ஓரிடத்தில் தங்கி சாதுர்மாஸ்யம் இருப்பார்கள். அவர்களுக்கு பக்தி குறைவா? "நேர்ந்துக்கிட்டது தள்ளிப் போகலாமா" என்று சில அம்மாக்கள் கேட்கிறார்கள். தாராளமாகத் தள்ளிப் போகலாம். முருகன் கணக்கு வட்டிக்கடைக் கணக்கு இல்லை.

சரி, எப்போ போகலாம்? தைப்பூசம் முடித்து, பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் போங்க. மலைநாடு, கதிர்காமம், திருகோணமலை மூன்றிலும் மழை குறைந்திருக்கும். கதிர்காமம் ஆடித் திருவிழாவுக்கும் போகலாம், அந்தப் பக்கம் அப்போ வறண்ட காலம். அந்தத் தடவை மலைநாட்டை விட்டுடுங்க.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியே இல்லாதவர்கள் இதையாவது செய்யுங்க:

• டிசம்பர் கடைசி என்றால் மேற்குக் கரையோடு நிறுத்துங்க. கொழும்பு, முன்னேஸ்வரம் போதும்.
• ரெண்டு நாளைத் திட்டமே இல்லாமல் சும்மா விடுங்க. ரத்து செய்தால் பணம் திரும்பும் ரூமையே எடுங்க.
• மலை ஏறத்தான் வேணும் என்றால் பகலில் மட்டும். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மாவட்ட வாரியாக வெளியிடும். காலையில் கிளம்பும் முன் அதைப் பாருங்க. அங்கே பேரிடர் உதவிக்கு 117.
• டிரைவரிடம் முதல் நாளே சொல்லிடுங்க: "தம்பி, நீங்க வேணாம்னா வேணாம். அன்றைய சம்பளம் குறையாது." நாம் அஞ்சு நாளில் திரும்பிடுவோம். அவருக்கு அதே ரோடு தினமும், வீட்டில் பிள்ளைகுட்டியும் உண்டு.

மலிவு டிக்கெட்டில் மிச்சமாகும் சில நூறு ரிங்கிட்டுக்காக வயதான அம்மா அப்பாவை அந்த ரோட்டில் ஏற்றாதீங்க. முருகன் மலையை விட்டு எங்கும் போகமாட்டான். மாசி வரை காத்திருப்பான். நாமும் காத்திருப்போம்.

முருகனுக்கு அரோகரா!