நேரத்தோடு ஊரையும் சேமியுங்கள்

கணினிகளுக்குள் நேர மண்டலங்களுக்கு இரண்டு விதமான பெயர்கள் புழங்குகின்றன. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆகியவை 'ஏசியா/கொல்கத்தா', 'ஆப்பிரிக்கா/நைரோபி' என்று ஊரின் பெயரால் மண்டலத்தைக் குறிக்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய பொதுத் தரவுத்தளத்திலிருந்து வருபவை இவை. விண்டோஸ் 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்', 'இ. ஆப்பிரிக்கா ஸ்டாண்டர்ட் டைம்' என்று நாட்டையோ வட்டாரத்தையோ சொல்கிறது. அலுவலகக் கணினியில் போட்ட கூட்ட அழைப்பு கைபேசிக்குப் போகும்போது பெரும்பாலும் ஒரு பெயர் மற்றொன்றாக மாற்றப்படுகிறது. அந்த மாற்றத்தில் தகவல் தொலைகிறது. ஆகவே மென்பொருள் எழுதுவோர் ஊர்ப் பெயரையே மூலமாகச் சேமிக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்கள் பல நூறு. விண்டோஸின் பெயர்கள் ஏறத்தாழ 140. எனவே பல ஊர்கள் ஒரே பெயருக்குள் அடங்குகின்றன. விதி மாறாதவரை இதில் சிக்கலில்லை. மாறும் நாளில்தான் இழப்பு தெரிகிறது. 2021 பிப்ரவரி 1 அன்று தெற்கு சூடான் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே நகர்த்தியது. அதுவரை அதன் தலைநகர் ஜூபாவும் கென்யாவின் நைரோபியும் விண்டோஸில் ஒரே பெயரில் இருந்தன. 'மார்ச் மாதம், காலை 10 மணி, இ. ஆப்பிரிக்கா' என்று முன்பே போட்டுவைத்த பதிவு எந்த ஊருக்கானது என்பதை அந்தப் பதிவை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஜூபாவுக்கு விண்டோஸ் பிறகு தனிப் பெயர் கொடுத்தது. பழைய பதிவில் தொலைந்த ஊர் அதனால் திரும்பி வராது. பெர்லின், ரோம், ஸ்டாக்ஹோம், வியன்னா ஆகியவையும் விண்டோஸில் இன்று ஒரே பெயர்தான். கோடைக்கால நேரமாற்றத்தைக் கைவிட ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் வாக்களித்தது. உறுப்பு நாடுகள் உடன்படாததால் அது நிறைவேறவில்லை. நாளை ஜெர்மனி ஒரு நேரத்தையும் இத்தாலி வேறொன்றையும் தேர்ந்தெடுத்தால், இதே குழப்பம் பல மடங்கு பெரிதாக வரும்.

யூனிகோட் கூட்டமைப்பு இரண்டுக்கும் இணைப் பட்டியல் வெளியிடுகிறதே என்று கேட்கலாம். பயனுள்ள பட்டியல்தான். ஆனால் கோலாலம்பூரைக் கொடுத்தால் 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் டைம்' வரும். நாட்டைக் குறிப்பிடாமல் அதைத் திருப்பினால் சிங்கப்பூர்தான் வரும், கோலாலம்பூர் வராது. எல்லாவற்றையும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வைத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. நடந்து முடிந்தவற்றுக்குப் போதும். வருங்காலக் கூட்டம் என்பது அந்த ஊர்க் கடிகாரம் பத்து காட்டும்போது சந்திப்போம் என்ற உடன்பாடு. இடையில் அரசு விதியை மாற்றினால் யுடிசி கணக்கு பிழையாகிவிடும். ஊர்ப் பெயரும் மாறுகிறதே என்பார்கள். கல்கத்தா கொல்கத்தாவானபோதும், 2022இல் கீவின் எழுத்துக்கூட்டல் திருத்தப்பட்டபோதும் தரவுத்தளம் பழைய பெயரை அழிக்கவில்லை. புதிய பெயரோடு இணைத்துவைத்தது. அதனால் எந்தப் பதிவும் தொலையவில்லை.

சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரே நேரம், பிறகு எதற்குத் தனிப் பெயர் என்போருக்கு இலங்கையின் வரலாறே பதில். 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்திய நேரத்தோடு சேர்ந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ பழைய நேரத்தையே வைத்திருந்தன. 2000ஆம் ஆண்டுக் கொழும்புப் பதிவு ஒன்றை இன்றைய ஐந்தரை மணிக் கணக்கில் வாசித்தால் அரை மணி நேரம் தவறும்.

ஆகவே படிவங்கள் பயனரிடம் ஊரைக் கேட்கட்டும். மென்பொருளின் தரவுத்தளம் உள்ளூர் நேரத்தையும் ஊரையும் சேர்த்தே வைக்கட்டும். விண்டோஸ் பெயர் வேண்டிய இடத்தில் அனுப்பும்போது மட்டும் மாற்றட்டும். ஊரிலிருந்து வட்டாரப் பெயரை எப்போதும் கண்டுபிடிக்கலாம். வட்டாரப் பெயரிலிருந்து ஊரை மீட்க வழியில்லை.