ஸ்பிரிங் வண்டிக்கு நான்கு பாடவேளை கொடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன் நான். ஸ்பிரிங்கில் ஓடும் சிறு வண்டி செய்வதை நம் பிள்ளைகளுக்குச் செயல்திட்டமாகக் கொடுக்கிறோம். அதை வீட்டுக்கு அனுப்பாமல், பாடவேளையிலேயே செய்ய இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஸ்டேஷனரி கடையில் ‘ப்ராஜெக்ட்’ என்று கேட்டால் செய்து வைத்த மாடலை எடுத்துக் கொடுக்கிறார்கள். காசுள்ள வீட்டில் வாங்கிவிடுகிறார்கள். இன்னொரு வீட்டில் அப்பா ராத்திரி கண்விழித்து ஒட்டிக் கொடுக்கிறார். அம்மா கூலி வேலை முடிந்து இருட்டிய பிறகு வரும் வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வந்து நிற்கிறது. இந்த மூன்று பேருக்கும் நான் போடுகிற மதிப்பெண் யாருக்குப் போடுகிற மதிப்பெண்?

வண்டிக்குப் பெரிய செலவில்லை. பலகையில் ஸ்பிரிங் அடித்த எலிப்பொறி ஒன்று, பழைய சிடி நான்கு, சைக்கிள் ஸ்போக் இரண்டு, மை தீர்ந்த பேனா, கெட்டி நூல். சிடியின் நடு ஓட்டை 15 மில்லிமீட்டர், ஸ்போக் 2 மில்லிமீட்டர்தான். இடையில் பாட்டில் மூடியை ஒட்டி, அதன் நட்டநடுவில் துளை போட வேண்டும். துளை ஒரு நூல் விலகினாலும் சக்கரம் தள்ளாடும். பொறியின் கம்பியோடு 30 சென்டிமீட்டர் குச்சியைக் கட்டினால் அது அரைவட்டம் சுழலும்போது 60 சென்டிமீட்டர் நூலை இழுக்கும். அந்த நூலைப் பின் அச்சில் சுற்றுகிறோம்.

இங்கேதான் கணக்கு உயிர் பெறுகிறது. அச்சில் 8 மில்லிமீட்டர் பேனாக் குழாயை மாட்டி நூலைச் சுற்றினால் ஏறத்தாழ 24 சுற்று வரும். 12 சென்டிமீட்டர் சிடி ஒரு சுற்றுக்கு 37 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உருளும். ஆக, நூல் தீரும்வரை வண்டி 9 மீட்டர் போக வேண்டும். குழாயைக் கழற்றி வெறும் ஸ்போக்கில் சுற்றினால் 36 மீட்டர் என்று கணக்குச் சொல்லும். வண்டியோ இருந்த இடத்தை விட்டு அசையாது. ஸ்பிரிங்கில் ஏறிய ஆற்றல் ஒன்றுதான், தூரத்தை நீட்டினால் இழுப்பு குறையும். ‘வேலை, ஆற்றல்’ பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையும் சொல்லித் தராது. ஸ்பிரிங்கை வளைக்க வளைக்க எதிர்விசை கூடுவதை விரலே உணர்ந்த பிள்ளைக்கு, ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஒரு மாணவியின் வண்டி ஐந்தாறு மீட்டர் ஓடியதும் சட்டென நின்று, பின்னோக்கி வந்தது. வகுப்பே சிரித்தது. அவள் குனிந்து அச்சைத் திருப்பிப் பார்த்தாள். நூலின் நுனியை அச்சில் முடிச்சுப் போட்டிருந்தாள். நூல் தீர்ந்ததும் அது மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டது. முடிச்சை அறுத்து, நுனியைச் சின்னக் கொக்கியில் மாட்டினாள். அடுத்த ஓட்டத்தில் நூல் தானாகக் கழன்று விழ, வண்டி எதிர்ச்சுவரில் போய் முட்டியது. கடையில் வாங்கிய வண்டி இந்தப் பின்னோட்டத்தை யாருக்கும் காட்டியிருக்காது.

இதெல்லாம் புதுமையும் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் சாதாரணக் கிராமப் பள்ளிகளிலேயே செய்து பார்த்துப் படிப்பதை நடத்திக் காட்டியது. அங்கே பழகிய அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லிக் கொடுத்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் மாநிலமே 2022இல் திருச்சியில் வானவில் மன்றத்தைத் தொடங்கி, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை கைப்பட அறிவியல் செய்ய வழி திறந்தது. ஒன்பதில் ஏறியதும் அந்தக் கைகள் ஏன் மறுபடி நோட்டுக்குள் முடங்க வேண்டும்?

நான் கேட்பது இவ்வளவுதான். தொடர்ச்சியாக நான்கு பாடவேளை ஒதுக்குங்கள். வண்டியின் பளபளப்புக்கு மதிப்பெண் வேண்டாம். எவ்வளவு ஓடியது, எங்கே நின்றது, அடுத்து எதை மாற்றினோம் என்று பிள்ளை எழுதி வைத்த குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். எலிப்பொறி விரலை நசுக்கக்கூடியது. ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் அதைத் தொடவே விட வேண்டும். வீட்டில் செய்யக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். பொருள்களைப் பள்ளியே வாங்கி, எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கட்டும்.

வரும் கல்வியாண்டின் முதல் சுற்றறிக்கையிலேயே இதைச் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்