அத்தி இனிப்பதற்கு

அயலிலுள்ள அம்மையார் ஒருவர் அத்தியிலை ஒன்றைக் கொணர்ந்து, "மாஸ்ரர், இதைத் தறிப்பிக்கட்டோ?" என்று வினவினார். காலஞ்சென்ற கணவர் நட்ட மரம். காய்க்கின்றது, ஆயினும் பழம் சப்பென்றிருக்கின்றது. மரம் நிற்குமிடத்திற் கொட்டகை போட மகன் நினைக்கிறாராம்.

நம் நாட்டு அத்தியின் இலை பிளவுபடாதது. காய்கள் அடிமரத்திலேயே குலைகுலையாய்ப் பற்றியிருக்கும். இவ்விலையோ கைவிரல்கள் போற் பிளவுபட்டுச் சொரசொரப்பாயிருந்தது. ஆகவே சீமை அத்தி. அதிலும் சிமிர்னா இனமாயின், சிறு குளவியொன்று மகரந்தம் கொணராவிடிற் காய்கள் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். கலிபோர்னியாவில் அக்குளவியை 1899இல் நிலைபெறச் செய்த பின்னரே அவ்வினம் பயன் தந்தது. அம்மையாரின் மரத்திற் காய்கள் உதிர்வதில்லை. எனவே குளவி வேண்டாத இனம். தோலின் நிறத்தை மட்டும் கொண்டு அதற்கு மேற் பெயர் கூற நாம் துணியோம்.

நேரிற் சென்றபோதுதான் குறை விளங்கிற்று. அணிலுக்கு அஞ்சி, நிறம் மாறியதுமே பறித்து அரிசிப் பானையுள் வைக்கின்றார்! மாங்காய்க்கு ஏற்ற வழி அத்திக்கு ஏலாது. பறித்த அத்தி மெதுமையாகுமேயன்றி இனிப்பேறாது. கழுத்துத் தளர்ந்து பழம் தலைகவிழும்வரை மரத்தில் விடல் வேண்டும். காம்பிற் பால் மிக வடியின் இன்னும் பருவமாகவில்லை. அணிலுக்குத் துணிப்பை கட்டலாம். கிணற்று வாய்க்காலும் மரத்தடியிலேயே ஓடிற்று. பழுக்குங்காலத்து மிகுந்த நீர் சுவையைக் கெடுக்கும், பழமும் வெடிக்கும். வாய்க்காலை விலக்குவித்தோம்.

நேற்று அவர் பேரன் மூன்று பழங்கள் கொணர்ந்தான். நான்காவதை வழியில் தின்றுவிட்டானாம். கொட்டகை இப்போது வேலியோரம் எழுகின்றது.