ஃப்ளீஸ் கோட்டு தைக்கலாம்... நாடா மட்டும் வேண்டாம்!

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் போயிருக்கிறீர்களா? விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கு சிவக்க, பஸ்ஸுக்கு நடுங்கிக்கொண்டு நிற்கும். கம்பளி ஸ்வெட்டர் பல பிள்ளைகளுக்கு அரிக்கிறது. துவைத்தால் லேசில் காய்வதும் இல்லை. கடை ஜெர்கின் வாங்கினாலோ, அடுத்த வருஷம் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது!

வீட்டில் தையல் மிஷின் இருக்கிறவர்கள் ஃப்ளீஸ் துணியில் தாங்களே தைத்துக்கொள்வதுதான் நல்லது என்பேன். பாலியெஸ்டர் நூலில் பின்னி, மேலே புசுபுசுவென்று எழுப்பிவிட்ட துணி இது. அந்தப் புசுபுசுப்புக்குள் சிக்கிய காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. தண்ணீரை அதிகம் குடிக்காததால் சீக்கிரம் காயும். தைக்கிறவர்களுக்கு இதைவிட சௌகரியம் ஒன்று உண்டு. வெட்டின ஓரம் பிசிறு பிரியாது. ஓவர்லாக், மடித்து அடிக்கிற வேலை எதுவுமே தேவையில்லை!

ஒற்றைக் கட்டில் ஃப்ளீஸ் போர்வை ஒன்று வாங்கினால் பிள்ளைக்குக் கோட்டு, பாட்டிக்குக் கையில்லாத மேல்சட்டை இரண்டும் பார்க்கலாம். பிள்ளையின் தொளதொள சட்டை ஒன்றை மேலே வைத்து, பக்கவாட்டிலும் நீளத்திலும் ஒன்றரை அங்குலம் கூட விட்டு சாக்பீஸால் வரையுங்கள். துணியை இழுத்துப் பார்த்து, அதிகம் நீளுகிற பக்கம் உடம்பைச் சுற்றி வரும்படி வைக்கணும். கழுத்தை முதலில் சின்னதாகவே வெட்டுங்கள். தையலை நெருக்கிப் போடாமல் நீளமாகவோ ஜிக்ஜாக்காகவோ போடுங்கள். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும். பெரியவர்களுக்கு முன்பக்கம் திறப்பு வைத்து, பெரிய பட்டனாய்த் தையுங்கள். தோள்பட்டை வலிக்காரர்கள் தலைவழியாக மாட்டுவதற்குப் படும் பாடு மாட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும்!

இனி, நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது. குழந்தைகள் கோட்டில் கழுத்துக்கோ தொப்பிக்கோ நாடா கோக்கவே கோக்காதீர்கள். அழகுக்குத் தொங்கும் அந்த நாடா, சறுக்குமர இடுக்கில் மாட்டி, கழுத்து இறுகிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இடுப்பு நாடா பஸ் கதவில் சிக்கியும் உயிர் போயிருக்கிறது. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே 1996-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் டைலரிடம் கொடுத்தாலும், 'நாடா வேண்டாம், பிரஸ் பட்டன் போதும்' என்று அழுத்திச் சொல்லுங்கள். 'நாடா இருந்தாதான் எடுப்பா இருக்கும்'பார். அசராதீர்கள்!

நெருப்பும் ஃப்ளீஸுக்கு ஆகாது. உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குளிருக்காகக் கணப்பருகே உட்காரும்போதும், அடுப்படிக்குப் போகும்போதும் கழற்றி வைத்துவிடணும். ஒரு வயசுக்குள்ளான கைக்குழந்தையைத் தொப்பி, தடித்த கோட்டோடு தூங்கப் போடக் கூடாது. பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வேர்த்திருந்தால் உடனே ஒரு உடுப்பைக் குறையுங்கள்.

அப்புறம், ஃப்ளீஸ் எதிர்க்காற்றைத் தடுக்காது. ஸ்கூட்டரில் போனால் மேலே ஒரு ரெயின்கோட் மாட்டிக்கொள்ளுங்கள். மிச்சம் விழும் துண்டுகளை எறிய வேண்டாம். பெரியவனுக்கு ஒரு குல்லாய்க்கு வரும்.