தொட்டிலும் தொழிலும்

"தாய் வேலைக்குச் செல்வது குழந்தைக்கு நன்மையா, தீமையா?" இந்தத் தலைப்பில் பட்டிமன்றம் நடவாத பள்ளி உண்டோ? எங்கள் வகுப்பிலும் நடந்தது. இரு கட்சியாரும் நன்றாகவே பேசினர். ஆனால் தலைப்பே சரியில்லை என்பது எங்கள் கருத்து. தாய் உழைக்கும் நேரத்தில் குழந்தையைக் கவனிப்பதற்கு ஊரும் தொழிலும் என்ன ஏற்பாடு செய்திருக்கின்றன என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! இவ்விஷயத்தில் எங்களுக்குச் சான்றாக நிற்பவர் இங்கிலாந்தின் பெண் தொழிலதிபர் ஸ்டெபனி ஷெர்லி அம்மையார்.

இவர் 1933 இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். தந்தை யூத இனத்தைச் சேர்ந்த நீதிபதி. நாஜிகளின் கொடுமைக்குத் தப்ப, 1939 இல், ஐந்தே வயதில், ஒன்பது வயது அக்காளோடு ரயிலேறி இங்கிலாந்து வந்து சேர்ந்தார். முன்பின் அறியாத ஒரு தம்பதியர் வளர்த்தனர். முதலில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தார் என்பதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி! பிறகு சேர்ந்த பெண்கள் பள்ளியிலோ கணிதம் கற்பிக்க ஆளில்லை. அனுமதி பெற்று, பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போய்க் கணிதம் கற்றார். பின்னர் பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று படித்துப் பட்டமும் பெற்றார்.

1962 இல் ஆறு பவுன் முதலீட்டில், தம் வீட்டிலேயே, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். திருமணத்தாலோ மகப்பேற்றாலோ வேலையை விட்ட படித்த பெண்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்தார். அவர்கள் தத்தம் வீட்டிலிருந்தே, பிள்ளை உறங்கும் நேரம் பார்த்து வேலை செய்தனர். முதல் 300 பேரில் ஆண்கள் மூவரே! கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்களும் இவர்களே. "ஸ்டெபனி" என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதில் வராதபோது, கணவர் சொன்ன யோசனைப்படி "ஸ்டீவ்" என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டார். பதில்கள் வரத் தொடங்கின. சிரிப்பதா, கோபப்படுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொரு செய்தி எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது. தொலைபேசியில் வாடிக்கையாளரோடு பேசும்போது குழந்தையின் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று, டைப்ரைட்டர் ஓசையைப் பதிவு செய்து வைத்து ஓட விடுவாராம். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் ஒரு குழந்தை இருப்பதையே உலகத்துக்கு மறைத்தால்தான் தாய்க்கு வேலை கிடைக்கும் என்றால், அது தாயின் குற்றமா? வீட்டிலிருந்தே வேலை என்பது நல்ல வழிதான். ஆயினும் ஒரு கை தொட்டிலிலும் ஒரு கை தாளிலுமாக இருப்பவளுக்கு ஓய்வு ஏது? இதை முழுத் தீர்வு என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அம்மையாரின் ஒரே மகன் ஜைல்ஸ், பேசத் தொடங்கிய சிறு வயதிலேயே பேச்சை இழந்தான். ஆட்டிசம் என்றனர் மருத்துவர்கள். தாயன்புக்கு அங்கே குறைவில்லை. எனினும் அன்பு மட்டும் போதவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையை அறிந்து கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்களும், அதற்கென்று அமைந்த இடமும் தேவைப்பட்டன. 1998 இல் மகன் 35 வயதில் இறந்தார். மறு ஆண்டே, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக அம்மையார் நிறுவிய பிரையர்ஸ் கோர்ட் பள்ளி பெர்க்‌ஷயரில் திறக்கப்பட்டது. தம் மகனுக்குக் கிட்டாததை ஊரார் பிள்ளைகளுக்குச் செய்தார். "தாய் வீட்டில் இருந்தாலே போதும்" என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

வேலையாட்களைச் சேர்ப்பதில் ஆண், பெண் பேதம் கூடாது என்று இங்கிலாந்தில் 1975 இல் சட்டம் வந்தது. பெண்களுக்கென்றே தொடங்கிய கம்பெனி ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று! சட்டம் சரியே என்பது எங்கள் கட்சி. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யும் வசதி தந்தைக்கும் வேண்டாமா? கம்பெனியின் பங்குகளைத் தம்மிடம் உழைத்தவர்களுக்கே பகிர்ந்து கொடுத்ததால், எழுபது பேர் லட்சாதிபதிகளுக்கும் மேலாயினர். முன்னேறத் துடிக்கும் பெண்களின் தலை மேலே தட்டையாக இருக்கும், அத்தனை பேர் தட்டிக் கொடுத்து அடக்கியிருப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார். 2025 ஆகஸ்டில், தமது 91 ஆம் வயதில் காலமானார்.

இங்கிலாந்துக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் வகுப்புகளின் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள், தோழியரே! அம்மாவுக்கு வேலை இருக்கும் நாளில் தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுபவள் அக்காள்தான். அண்ணன் நின்றதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அவள் விடுவது பெரும்பாலும் கணக்குப் பாடம். பிறகு, "பெண்களுக்குக் கணக்கு வராது" என்பார்கள்.

ஆகவே தலைமையாசிரியை மதரிடம் ஒரு விண்ணப்பம். பெற்றோர் கூட்ட நாள்களில் கைக்குழந்தையோடு வரும் தாய்மார் வராந்தாவிலேயே நின்று திரும்புகிறார்கள். அந்நாள்களில் ஒரு வகுப்பறையைக் குழந்தைகளுக்கென ஒதுக்கித் தாருங்கள். பாய், பொம்மை, குடிநீர் ஆகியவற்றுக்குப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பொறுப்பு. முறை வைத்துப் பார்த்துக்கொள்ள இருபது பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டோம்.